நண்டு நெஞ்சு

நண்டுப் படகுகள் கரையைத் தொட்டால் பார்னபி குடாவில் வீட்டுக்கு வீடு தொலைபேசி அடிக்கும். ஆலையில் கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். தேநீரை வாயருகே கொண்டுபோனவன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ரப்பர் பூட்ஸைத் தேடுவான். பனி உடைகிற ஏப்ரலில் தொடங்கும் வேலை ஜூலையோடு ஓய்ந்துவிடும். அதற்குள் ஸ்டாம்ப் சேர்த்தாக வேண்டும். ஸ்டாம்ப் என்பது வேலைக்குச் சாட்சியாகப் புத்தகத்தில் வில்லை ஒட்டின பழைய காலத்துப் பேச்சு. இப்போது யாரும் எதையும் ஒட்டுவதில்லை, வேலை பார்த்த மணியெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிடுகிறது. ஆனால் மணி குறைந்தவனுக்குக் குளிர்காலத்தில் அரசாங்கம் தருகிற வேலையில்லாப் பணம் கிடையாது. நியூஃபவுண்ட்லாந்தின் இந்தக் கரையில் அதற்கு ஒரே பொருள்தான். வீட்டு ஜன்னலுக்குப் பலகை அடித்துவிட்டு ஆல்பர்ட்டாவுக்கு எண்ணெய் தோண்டப் போக வேண்டும்.

அம்புரோஸ் ஆலையில் நண்டைப் பிளந்து வேகவைக்கிற பக்கம் நின்றான். ரம்பம் ஓட்டைக் கிழிக்கும்போது பறக்கிற பொடியும், கொதிதொட்டியிலிருந்து எழும்புகிற ஆவியும் சேர்ந்து அந்த இடத்தில் ஆளுக்கு ஆள் முகம் தெரியாது. வேலை முடிந்து வந்ததும் அவன் உடனே வீட்டுக்குள் நுழைய மாட்டான். பின்வாசல் படியில் நின்று இருமித் தீர்த்துவிட்டுத்தான் கதவைத் தள்ளுவான். உள்ளே அடுப்படியில் அவன் பெண்டாட்டி வெல்மா அதைக் கேட்டுக்கொண்டே உருளைக்கிழங்கு சீவுவாள்.

"எதுக்கு வாசல்ல நின்னு இருமுத?" என்று ஒருநாள் கேட்டாள்.

"சளி."

"ஞாயித்துக்கெழம மட்டும் லீவு எடுக்குற சளியா?"

"வேதக்காரச் சளி. ஓய்வுநாள அனுசரிக்குது."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலாகத் திரும்பிற்று.

வெல்மாவும் அந்த ஆலையில் கிடந்தவள்தான். அம்புரோஸின் அக்காள் பெர்லுக்குப் பக்கத்தில் நின்று நண்டுக்கால் அடுக்கி அடுக்கி விரல் முட்டிகள் வீங்கின பிறகு, மறுபடிப்புக்கு உதவித்தொகை தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு செயின்ட் ஜான்ஸ் போனாள். எல்லாரும் முடிவெட்டவோ கணக்கு எழுதவோ படித்துக்கொண்டு வருவாள் என்று நினைத்தார்கள். அவள் நாடகத்தை வைத்து ஊர்வேலை செய்கிற படிப்பில் சேர்ந்துவிட்டாள். சிறையில், ஆஸ்பத்திரியில், மீன்பிடி ஊர்களில் போய் ஜனங்களையே நடிக்கவைத்து அவர்கள் படுகிற பாட்டை அவர்களையே பேசவைக்கிற படிப்பு அது என்று விளக்கினாள். அம்புரோஸ் முழுக்கக் கேட்டுவிட்டு, "இந்த ஊர்ல நடிக்காதவன் எவன்?" என்றான்.

அவளுக்கு உள்ளே ஒரு கேள்வி நெடுநாளாகக் குடைந்துகொண்டிருந்தது. ஆலையின் சாப்பாட்டு அறையில் கட்டடத்தையே கொளுத்திவிடுவதுபோலப் பேசுகிறவர்கள், கூட்டம் என்று நாற்காலி போட்டதும் பூட்ஸ் நுனியைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறார்களே, அது ஏன்? அதே வாய், அதே ஆள். நடுவில் என்ன நடக்கிறது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் நாற்பது கடந்த வயதில் இருபது வயதுப் பிள்ளைகளோடு தரையில் உருண்டு பயிற்சி செய்தாள். இரண்டு வருஷம் படித்தும் விடை கிடைக்கவில்லை. செய்முறைக்கு ஒரு ஊரைத் தேர்ந்தெடு என்று சொன்னபோது சொந்த ஊரையே சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

நாடகம் நண்டு ஆலையைப் பற்றி என்று தெரிந்ததும் அம்புரோஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தான். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று அவள் அதற்கு முன் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள். அவன் ஒவ்வொரு முறையும் வில்லிஸின் பெயரைச் சொல்லி வாயடைத்துவிடுவான். வில்லிஸ் போன பருவத்தில் டாக்டரிடம் போய் எழுதி வாங்கிவந்தான். நண்டு நெஞ்சு. டாக்டர் வேறு பெயர் வைத்திருக்கலாம், ஊருக்குள் அதுதான் பெயர். ஆவி நெஞ்சில் ஏறி மூச்சுக்குழாய் சுருங்கிவிடும், நண்டை விட்டு விலகினால்தான் விடும். ஆலை மேலாளர் கிளாரன்ஸ் அவன் தோளில் கைபோட்டு, உடம்பைப் பார்த்துக்கொள், கூப்பிடுகிறேன் என்றான். அதற்குப் பிறகு வில்லிஸ் வீட்டில் தொலைபேசி அடிக்கவேயில்லை. இப்போது அந்த வீட்டு ஜன்னலில் பலகை. அன்றிலிருந்து ஊரில் எல்லாருக்கும் சளிதான்.

"என் நெஞ்ச உன் நாடகத்துல கொண்டுபோய் வெச்சிராத," என்றான் அம்புரோஸ்.

வைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். நாடகத்தில் இருமுகிறவள் ஒரு பெண். அந்த வேஷத்தைத் தானே கட்டிக்கொண்டாள். மேஸ்திரி வேஷத்துக்குத் தபால்காரர் லியோவைப் பிடித்தாள். அவர் ஆலைக்குக் கடன்பட்டவர் அல்ல, பயமில்லை. மாலையில் அடுப்படியில் வைத்து ஒத்திகை பார்த்தார்கள். அம்புரோஸ் டிவியில் ஹாக்கி பார்க்கிறவன்போல உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

முதல் முறை கோயில் கூடத்தில் ஆடினார்கள். வேலைக்காரி இருமுகிறாள். மேஸ்திரி வந்து என்ன என்று கேட்கிறார். சளி என்கிறாள். சரி என்று போய்விடுகிறார். அவள் மறுபடி ஆவிக்குள் போய் நிற்கிறாள். அவ்வளவுதான் கதை. இரண்டாம் தடவை ஆடும்போது, பார்க்கிற யாருக்காவது இவள் வேறு மாதிரி செய்யலாமே என்று தோன்றினால் 'நிறுத்து' என்று கத்த வேண்டும், மேலே வந்து இவளுக்குப் பதிலாக நின்று செய்து காட்ட வேண்டும். இதை வெல்மா மூன்று விதமாக விளக்கினாள். ஆடினார்கள். ஒருவரும் கத்தவில்லை. கடைசியில் பின்னாலிருந்து 'நிறுத்து' என்று ஒரு குரல் வந்தது. எல்லாரும் திரும்பினார்கள். கொதித்து வழிகிற கெட்டிலைப் பார்த்துச் சொன்னது அது.

நன்றாகக் கை தட்டினார்கள். கிளாரன்ஸ் ஒரு தட்டு சாண்ட்விச்சோடு வந்திருந்தான், அருமை என்று சொல்லிக் கைகுலுக்கினான். வெல்மா நகரத்தில் இருந்த தன் ஆசிரியை நோராவுக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் பிடித்திருந்தது என்று அழாக்குறையாகச் சொன்னாள். பிடித்துப்போனதுதான் தொல்லையே என்றாள் நோரா.

கேப்லின் மீன் கரைக்கு வந்து புரள்கிற வாரம் அது. மூடுபனி வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஈரத்துணி மாதிரித் தொங்கியது. வெல்மாவும் பெர்லும் முற்றத்தில் உட்கார்ந்து மீனை உப்பில் புரட்டித் தட்டியில் பரப்பிக்கொண்டிருந்தார்கள். பெர்ல் வாயை மூடி ஒரு வேலை செய்து யாரும் பார்த்ததில்லை.

"நல்லாத்தான் இருந்துச்சுட்டி. உன் இருமல் மட்டும் போலி. இன்னும் கொஞ்சம் அடில இருந்து வரணும்."

"அப்ப நீங்க வந்து இருமிக் காட்டிருக்கலாம்லா மைனி? நிறுத்துன்னு ஒரு சத்தம் குடுத்தா போதுமே."

"மூஞ்சியத் தூக்கிட்டு எவ வந்து நிப்பா? மறுநாள் அதே மூஞ்சிய வெச்சிக்கிட்டுத்தான ஆலைக்குப் போணும்."

பெர்ல் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே வேறெதையோ நினைத்துச் சிரித்தாள். ஒரு கிறிஸ்மஸில் மெத்தை உறையைத் தலையோடு மாட்டிக்கொண்டு வந்த மம்மர் வேஷக்காரன் ஒருவன், முந்தின மேலாளரின் வீட்டு நடுக்கூடத்தில் நின்று, நீ கஞ்சப்பயல் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்ன கதையை எடுத்தாள். மேலாளர் விழுந்து விழுந்து சிரித்து அவனுக்கு ரம் ஊற்றிக் கொடுத்தாராம்.

"மூஞ்சி இல்லாம சொன்னா கேக்கவனுக்கும் கோவம் வராதுட்டி," என்றாள்.

வெல்மாவின் கை உப்பிலேயே நின்றுவிட்டது.

கிறிஸ்மஸின் பன்னிரண்டு நாளும் குடாவில் மம்மர் கட்டாதவர்கள் குறைவு. தலையணை உறை, சரிகைத் திரைச்சீலை, பெண்டாட்டியின் கவுன், முதுகில் கூனுக்கு ஒரு தலையணை. நடையை மாற்றிக்கொள்வார்கள். குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் மூச்சை வெளியே விட்டுப் பேச மாட்டார்கள், உள்ளே இழுத்துக்கொண்டே பேசுவார்கள். வீட்டுக்காரர்கள் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். சரியான பெயரைச் சொல்லிவிட்டால் மம்மர் முகத்திரையைத் தூக்கியே தீர வேண்டும், பிறகு கேக்கும் ரம்மும் உண்டு. அம்புரோஸ் ஒரு காலத்தில் இதில் பேர்போனவன். ஆனால் சில வருஷமாக அவன் கட்டுவதில்லை. முழங்கால் வலி என்றான். உள்ளிழுத்துப் பேசுவதற்கு முழங்காலா வேண்டும் என்று வெல்மாவுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அதை அவனிடம் கேட்காமல் மனதில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நாடகத்துக்கு எல்லாரும் மம்மர் கட்டி வர வேண்டும் என்று அவள் ஊரெல்லாம் சொல்லி அனுப்பினாள். ஜூனில் மம்மரா என்று கேலி செய்தார்கள், கேலி செய்துகொண்டே பரணில் ஏறினார்கள். ஒரே ஒரு மாற்றம்தான், அன்றைக்கு யாரும் பெயர் கண்டுபிடிக்கக் கூடாது. அம்புரோஸ் மட்டும், மீன் சிரிக்கும் என்று சொல்லி வீட்டிலேயே இருந்துகொள்வதாகச் சொன்னான்.

துறைமுக வாயில் தரைதட்டி நின்ற பனிப்பாறையிலிருந்து குளிர் இறங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் கூடத்துக்குள் வேர்த்து ஊற்றியது. பாதிப் பேர் மம்மர்கள். கல்யாணக் கவுனும் ரப்பர் பூட்ஸுமாக ஒரு உருவம், மெத்தை உறைக்குள் ஒரு உருவம். பெர்ல் வேர்வைக்குப் பயந்து சொந்த முகத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கிளாரன்ஸும் சொந்த முகத்தோடு வாசலோரம் இருந்தான்.

வெல்மா இருமினாள், லியோ வந்தார். "நிறுத்து," என்றது ஒரு குரல், மூச்சை உள்ளிழுத்துக்கொண்டே. மெத்தை உறை மேலே வந்து, வேலைக்காரியின் இடத்தில் நின்று, மேஸ்திரி கேட்டதும் அவர் மடியிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. கூடம் அதிர்ந்தது. அடுத்து கல்யாணக் கவுன் வந்து தொழிற்சங்கத்தில் சொல்வேன் என்றது. லியோ எளிதில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று வெல்மா முன்பே சொல்லி வைத்திருந்தாள். அவர் இனிக்க இனிக்கப் பேசிக் கவுனை ஆவிக்கே திருப்பி அனுப்பினார். இந்த முறை சிரிப்பு குறைந்தது. ஆட்கள் முன்னால் சாய்ந்து உட்கார்வதை வெல்மா கவனித்தாள். நடக்கிறது, என்னவென்று தெரியவில்லை, ஆனால் நடக்கிறது.

மூன்றாவதாக ஒரு கூனன் வந்தான். எண்ணெய்த்துணிக் கோட்டு, முகத்தில் சரிகைத் திரை, ஒரு காலை இழுத்துக்கொண்டு நடை. லியோ வழக்கம்போல, என்ன என்று கேட்டார்.

"சளி..." என்று உள்ளிழுத்தான் கூனன். "சளி இல்..."

அதற்குமேல் இழுக்கக் காற்று போதவில்லை. நெஞ்சுக்குள் கீச்சென்று ஒரு சத்தம். இரண்டு தோளும் காதுவரை ஏறி நின்றன.

எத்தனையோ கிறிஸ்மஸ்களாகப் பழகின வாய், பெர்லைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"அம்புரோசு."

சொன்ன பிறகுதான் அவள் கை வாய்க்குப் போயிற்று.

வெல்மாவுக்கு அதுவரை தெரியாது. கையெட்டுகிற தூரத்தில் நின்றவன் தன் புருஷன் என்று அவளுக்குத் தெரியவில்லை. தினமும் கதவுக்குப் பின்னால் கேட்ட சத்தம் அது, முகத்துக்கு எதிரே கேட்டபோது அடையாளம் தெரியவில்லை.

"இன்னைக்கு அந்த விதி கெடையாது," என்று அவசரமாகச் சொன்னாள். "திரையத் தூக்க வேண்டாம். இப்பிடியே கீழ எறங்கிப் போலாம்."

கூனன் நின்றான். பெயர் சொன்ன பிறகும் திரையைத் தூக்காத மம்மரைக் குடாவில் எந்த வீட்டிலும் மறுபடி உள்ளே விட மாட்டார்கள். இது அங்கே நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அவன் திரையைத் தூக்கினான். முகம் சிவந்து நனைந்திருந்தது. கொஞ்ச நேரம் சும்மா மூச்சு விட்டான். பிறகு லியோவைத் தாண்டி வாசல் பக்கம் பார்த்து, எல்லா மனிதர்களையும்போல மூச்சை வெளியே விட்டுப் பேசினான்.

"சளி இல்ல. நண்டு நெஞ்சு. ஆவிகிட்ட நின்னா அடைக்கி, காத்துல நின்னா அடைக்கல. வேல பாக்க மாட்டேன்னு சொல்லல. அங்கன நிக்க மாட்டேன்னு சொல்லுதேன்."

வில்லிஸ் போனதிலிருந்து நாலு பேர் நடுவில் யாரும் சொல்லாத சொல் அது. லியோ வசனத்தை மறந்துவிட்டார். பாப்போம் என்று தபால்காரராகவே முனகினார். கிளாரன்ஸ் தன் தொப்பியை முழங்காலில் வைத்து அதன் விளிம்பை நீவிக்கொண்டிருந்தான்.

முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. சமையற்கட்டில் ஏதோ கிழிந்த சத்தம் கேட்டது. கதவு திறந்து ஒரு உருவம் வந்தது. சமையற்கட்டு ஜன்னலின் பச்சைத் திரையை உடம்பில் சுற்றியிருந்தது, திரையின் வளையங்கள் இன்னும் கிணுகிணுத்தன. முகத்தில் பாத்திரம் துடைக்கிற துணி. காலில் பெர்லின் செருப்பு. நேராக அம்புரோஸுக்குப் பக்கத்தில் போய் நின்று மூச்சை உள்ளே இழுத்தது.

"எனக்கும்... தான்..." என்றது. நடுவில் கீச்சென்றது.

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் செருப்பைப் பார்த்தார்கள். யாரும் பெயரைச் சொல்லவில்லை. மறுபடி யாராவது வாய்தவறிப் பெயரைச் சொல்லிவிடக் கூடாதே என்று வெல்மா பல்லைக் கடித்தாள்.

"பிஷப்பா இருக்குமோ?" என்றது பின்னாலிருந்து ஒரு கிழட்டுக் குரல்.

உருவம் தலையாட்டி இல்லையென்றது.

"ராணி போல இருக்கு."

"ராணிதான் செத்துட்டாளே."

"அதான் மூச்சு வாங்குது."

சிரிப்பு மெல்லக் கிளம்பிக் கூடம் முழுக்கப் பரவிற்று. மெத்தை உறை எழுந்து வந்து இருமியது. கிளாரன்ஸ் என்று பெயர் சொன்னார்கள். இல்லை. கல்யாணக் கவுன் வந்தது, அதற்குப் பின்னால் இன்னும் இருவர். பாதிரியார், போலீஸ்காரர், பிரதம மந்திரி. இல்லை, இல்லை, இல்லை. நடையைப் பார்த்தே ஆளைச் சொல்கிற ஊர் அது. அன்றைக்கு ஊரே குருடாகிப் போயிற்று.

பச்சைத் திரை கீழே இறங்கி வாசல்வரை போய்க் கிளாரன்ஸின் முன்னால் நின்றது. பெர்லோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எழுதப் படித்தவன் அவன். செருப்பை வெகுநேரம் பார்த்தான்.

"தெரியல," என்றான்.

சிலர் கை தட்டினார்கள். வெல்மாவுக்குக் கை எழவில்லை. அவன் சொன்னது இரக்கமா, தப்பித்தலா? தெரியாத ஆளை வேலையைவிட்டு அனுப்ப முடியாது. தெரியாத ஆளுக்காக ஆவியை வெளியே தள்ள ஒரு காற்றாடிகூட மாட்ட வேண்டியதுமில்லை. அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டும் பக்கம்பக்கமாக இருந்தன. கூடத்தில் கிளாரன்ஸால் தெரியல என்று சொல்ல முடியாத மம்மர் ஒருவன்தான். அவன் மேடையில் திரையைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தான்.

மறுநாள் காலையிலேயே படகுகள் வந்துவிட்டன. வெல்மா ரொட்டி மாவைத் தட்டிப் பன்றிக் கொழுப்பில் பொரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் தொலைபேசி அடித்தது. அதற்கடுத்த வீட்டில் அடித்தது. எதிர்வரிசையில் ஒவ்வொன்றாக அடித்து, கதவுகள் திறந்து மூடி, பூட்ஸ் சத்தங்கள் சரளைக்கல்லில் இறங்கிப் போயின. இவர்கள் வீட்டில் அடிக்கவில்லை. அவள் வெல்லப்பாகை ஊற்றித் தட்டை அவன்முன் வைத்தாள்.

"நான் உன்னக் கூப்பிடல," என்றாள்.

"கூப்பிடல. நானாத்தான் வந்தேன்."

"ஏன் வந்த?"

அவன் பண்டத்தைப் பிய்த்தான், தின்னவில்லை.

"இங்கன ஒத்திக பாக்கைல நீ சளின்னு சொன்ன பாரு. என்னய மாதிரியே சொன்ன. அத ஒருக்க மாத்திச் சொன்னா எப்பிடி இருக்கும்னு பாக்கணும் போல இருந்துச்சு. வேசத்துல சொல்லிட்டு ஓடி வந்துரலாம்னுதான் நெனச்சேன்."

"எப்பிடி இருந்துச்சு?"

"அப்ப லேசா இருந்துச்சு. இப்ப போன் அடிக்கக் காணோம்."

சாப்பாட்டு அறைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று அவள் தேடித் திரிந்தது இந்த அடிக்காத தொலைபேசியைத்தானோ என்னவோ. நோராவிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தாள். பிறகு தன் புருஷன் முகத்தைப் பார்த்ததும் யோசிப்பதை விட்டாள்.

பண்டம் ஆறிப்போன பிறகு தொலைபேசி அடித்தது. அம்புரோஸ் எடுத்தான். ம் என்றான். இன்னொரு ம். நெடுநேரம் கேட்டுவிட்டு வைத்தான்.

"கிளாரன்ஸு. படகுத்துறையில பெட்டி எறக்குத வேல. வெளியதான்."

"மணி?"

"கொறையும். எம்புட்டுன்னு சொல்லல. பருவம் முடிஞ்சாத்தான் தெரியும்." கோட்டை எடுத்தவன் நின்றான். "இன்னொண்ணு சொன்னான். நேத்து பச்சத் திரையச் சுத்திட்டு ஒரு ஆளு நின்னாம்லா, அந்த ஆளையும் தொறைக்குக் கூட்டிட்டு வரணுமாம். யாருன்னு அவனுக்குத் தெரியாதாம். எனக்குத் தெரிஞ்சா சொல்லிரணுமாம்."

"மத்தவங்க?"

"தொறையில ரெண்டு பேருக்குத்தான் எடம்."

ஜன்னலுக்கு வெளியே, மூடுபனிக்குள் ஆலையின் ஆவி கலக்கிற திசையில், நேற்று மெத்தை உறைக்குள் இருந்தவன் சாப்பாட்டுத் தூக்கோடு நடந்துகொண்டிருந்தான். யார் என்று வெல்மாவுக்குத் தெரியும். அவளும் பெயரைச் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கூடம் காலியாக இருக்குமா என்று கோயிலில் கேட்க வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

இருவரும் பெர்ல் வீட்டுக்குப் போனார்கள். வேலை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, அடிக்காத தொலைபேசிக்குப் பக்கத்தில் நின்றிருப்பாள் போல. தட்டின உடனே கதவு திறந்தது. தம்பியின் முகத்தைப் பார்க்க முடியாமல் அவன் பூட்ஸைப் பார்த்தாள். அம்புரோஸ் கிளாரன்ஸ் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னான்.

"பச்சத் திரையா?" என்றாள் பெர்ல். "அது யாருன்னு எனக்கு எப்பிடில தெரியும்?"

"தெரியாதுன்னா சரி," என்று அம்புரோஸ் திரும்பினான்.

அவள் கதவைச் சாத்தப் போனாள். பாதி சாத்தின கதவு நின்றது.

"எத்தன மணிக்கு வரச் சொன்னான்?"